பட்ஜெட்டுக்குள் ஹோம் தியேட்டர்: பழைய செட்டை மேம்படுத்த ஒரு வழிகாட்டி

படம் பெரிய திரையில் பளிச்சென்று தெரிகிறது. வசனம் மட்டும் காதில் விழ மாட்டேன் என்கிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிறது. ஹோம் தியேட்டரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதன்பின் கடை கடையாக விசாரித்ததில் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. ஒருவர் டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கரான சவுண்ட்பார் போதும் என்றார், ஒருவர் பாகங்களை வாங்கித் தானே அசெம்பிள் பண்ணித் தருகிறேன் என்றார், இன்னொருவர் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் அட்மாஸ் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள் என்றார். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று வரிசைப்படுத்திச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

12 அடிக்கு 15 அடி அளவில் ஒரு ஹால், 43 முதல் 55 அங்குலம் வரை ஒரு டிவி, 5,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய் சொச்சம் வரை பட்ஜெட் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். விலைகள் சென்னையில் நான் விசாரித்த அளவில் தோராயமானவை. ஊரையும் பருவத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

1. பணத்தை எடுக்கும் முன் டிவியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படிக்குச் செலவு கிடையாது. ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

டிவியின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் மட்டும் ஏஆர்சி (ARC) அல்லது அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி (eARC) என்று அச்சிட்டிருக்கும். டிவியின் ஒலி எச்டிஎம்ஐ வழியாக வெளியே வருவது அந்த ஒரு துளையில்தான். மற்ற துளைகள் உள்ளே வாங்க மட்டும். செட் அந்தத் துளையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டிவி செட்டிங்ஸில் ஒலி பகுதிக்குப் போய் ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ என்ற வரியைத் தேடுங்கள். அது பிசிஎம் (PCM) என்று இருந்தால், பல டிவிகளிலிருந்து ஸ்டீரியோ, அதாவது இடம் வலம் என்று இரண்டு சேனல் (தனித்தனி ஒலித்தடம்) மட்டும்தான் வெளியே வரும். நீங்கள் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்ஊஃபர்) வைத்திருந்தும் இரண்டு சேனல் ஒலியைத்தான் இத்தனை நாளும் கேட்டிருப்பீர்கள். அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றுங்கள். சில டிவிகளில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருக்கும். எச்டிஎம்ஐ ஏஆர்சி வேலை செய்ய டிவியும் செட்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி (CEC) என்ற வசதியும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, மெனுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

ஆப்டிக்கல் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதில் ஸ்டீரியோ, டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 என்ற ஒலி வடிவங்கள் மூன்றும் போகும். ஓடிடி ஆப்கள் பெரும்பாலும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பினால்தான் 5.1 கேட்கும். அட்மாஸ் ஆப்டிக்கலில் வரவே வராது. ஓடிடியின் அட்மாஸுக்குச் சாதாரண ஏஆர்சியே போதும், டிவி அதைக் கடத்தும் வகையாக இருந்தால். ப்ளூரே டிஸ்க்கின் முழுத்தர ஒலியை டிவி வழியாக அனுப்ப வேண்டுமானால்தான் இஏஆர்சி தேவை. ப்ளூரே பிளேயரே இல்லாத வீட்டில் இஏஆர்சிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஆப்புக்குள் போங்கள். படம் ஓடும்போது மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ் என்றும், தமிழ் 5.1 என்றும் தனித்தனியாக இருக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் ஒலி பிரீமியம் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். செட்டை மாற்றிவிட்டு, பழைய திட்டத்திலேயே இருந்துகொண்டு அட்மாஸ் வரவில்லை என்று தேடாதீர்கள்.

கடைசியாக ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகும் ‘ணங்’ என்று ஒரு வால் தொங்கினால் உங்கள் பிரச்சினையில் பாதி அறையில் இருக்கிறது. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. வசனம் குழம்புவதற்கு இது பெரிய காரணம். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் கனமான கம்பளம் அல்லது மடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி. இவற்றுக்கு 3,000 ரூபாய் ஆகலாம். அதே 3,000 ரூபாயை ஸ்பீக்கரில் கூடுதலாகப் போட்டால் இவ்வளவு வித்தியாசம் தெரியாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

2. கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

பழைய செட்டில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பார்க்கும் இடம் இது. பழைய செட்கள் பொதுவாக மூன்று வகை.

முதல் வகை, டிவிடி பிளேயரோடு சேர்ந்து வந்த ஹோம் தியேட்டர். அதன் ஸ்பீக்கர்களைக் கழற்றிப் புது ஏவி ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பலவற்றில் 3 ஓம் அல்லது 4 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று இருக்கும். சாதாரண ஏவி ரிசீவர்கள் 6 முதல் 8 ஓமுக்குச் செய்யப்பட்டவை. குறைந்த ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ரிசீவர் சூடாகி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும், அல்லது பழுதாகும். அந்தச் செட்டின் சப்ஊஃபரும் தனியாக ஓடாது. அதற்குள் ஆம்ப்ளிஃபயர் இருக்காது, மெயின் பெட்டிதான் அதை ஓட்டும். ரிசீவரிலோ சப்ஊஃபருக்கு வெறும் சிக்னல் துளைதான் இருக்கும். ஆகவே இந்த வகை செட்டை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுதாக விடுங்கள்.

இரண்டாம் வகை, பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் (வட்டமான ஆடியோ பிளக் மாட்டுபவை) உள்ள 5.1 மல்டிமீடியா ஸ்பீக்கர். கம்ப்யூட்டருக்கு என்று வாங்கியவை பல இந்த வகைதான். குறைந்த செலவில் உயிர் கொடுக்கக்கூடியது இதுதான்.

மூன்றாம் வகையில் கவனம் தேவை. பெட்டியில் 4.1, 5.1 என்று எழுதியிருக்கும், விலை 3,000, 4,000 என்று மலிவாக இருக்கும். பின்னால் பார்த்தால் ஆக்ஸ், ப்ளூடூத், யுஎஸ்பி மட்டும்தான். அதாவது உள்ளே போவது ஸ்டீரியோ. அதே இரண்டு சேனலைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரிலும் கொடுக்கும். பின்னால் ஒரு கார் வலமிருந்து இடம் போவதை இந்த வகையில் எவ்வளவு செலவழித்தாலும் கேட்க முடியாது. இதை மேம்படுத்தப் பணம் போடாதீர்கள், பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

5,000 ரூபாய்க்குள்: இரண்டாம் வகை செட் இருக்கிறவர்களுக்கு. ‘டிடிஎஸ் டிகோடர்’ என்று கேட்டால் சின்னப் பெட்டி ஒன்று தருவார்கள். டிவியின் ஆப்டிக்கல் அல்லது ஏஆர்சியிலிருந்து வாங்கி, ஆறு சேனலாகப் பிரித்துக் கொடுக்கும். ஆப்டிக்கல் மட்டும் உள்ளது 2,000 முதல் 3,000 ரூபாய், ஏஆர்சி உள்ளது இன்னும் கொஞ்சம் கூடும். அதன் மேல் அட்மாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள், வெளியே வருவது ஆறு சேனல்தான். 5.1 சோதனை வீடியோ ஒன்றை யுஎஸ்பி டிரைவில் போட்டு எடுத்துப்போய், கடையில் உள்ள டிவி வழியாக ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

15,000 முதல் 25,000 வரை: தனி சப்ஊஃபருடன் வரும் சவுண்ட்பார். வாடகை வீடு, அடிக்கடி மாறுகிற வேலை, சின்ன ஹால், வயர் இழுக்க வழியில்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள். வசனம் தெளிவாகும், ஒரே கேபிளில் வேலை முடியும். ஆனால் பிறகு அதில் பெரும்பாலும் எதையும் கூட்ட முடியாது. ஒரு பாகம் போனால் மொத்தமும் போனது மாதிரி. ‘வயர்லெஸ் ரியர் ஸ்பீக்கர்’ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அவற்றுக்குக் கரன்ட் வயர் வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க முடியும் என்றால்: ஏவி ரிசீவர். என் பரிந்துரை இதுதான். புதிய 5.1 ரிசீவர் 30,000 ரூபாயைத் தாண்டும். நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் 12,000 முதல் 16,000 ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்பீக்கரைப் புதிதாகவும் ரிசீவரைப் பழையதாகவும் வாங்கும்போதுதான் இந்த பட்ஜெட் அடங்குகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ரிசீவர் 14,000, புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (முன்னால் வைக்கும் சிறிய பெட்டிகள்) ஒரு ஜோடி 13,000, வயர், பிளக் 2,000. மொத்தம் 29,000 ரூபாயில் முதல் கட்டம் முடிகிறது. சில மாதம் கழித்து 16,000-இல் பவர்டு சப்ஊஃபர் (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளது), பிறகு 9,000-இல் சென்டர் (வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்), கடைசியில் 8,000-இல் சரவுண்ட், அதாவது பின் ஸ்பீக்கர் ஜோடி. எல்லாம் சேர்ந்து 62,000. ஒரே நாளில் போடத் தேவையில்லாத 62,000.

இந்த வரிசையில் ஒரு மாற்றம் உண்டு. ஒருவர் இருவர் மட்டும் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதென்றால் சென்டர் இல்லாமலே வசனம் திரை நடுவிலிருந்து வருவது போலக் கேட்கும். குடும்பமே ஹால் முழுக்கப் பரவி உட்காரும் வீடு என்றால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரும். அப்போது சப்ஊஃபருக்கு முன் சென்டரை வாங்குங்கள். சென்டர் மட்டும் முன் ஸ்பீக்கர்களின் அதே கம்பெனி, அதே வரிசையாக இருக்கட்டும். வேறு கம்பெனி என்றால் ஒருவர் பேசிக்கொண்டே நடக்கும்போது குரலே மாறுவது போல இருக்கும். பின் ஸ்பீக்கர்களுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம்.

அட்மாஸ் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 5.1 முழுமையாகும் வரை அதை மறந்துவிடுங்கள். அதற்கென்று மேல்நோக்கி ஒலி அனுப்பி விட்டத்தில் (சீலிங்கில்) பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, கடினமான விட்டம் வேண்டும். நம் வீட்டுக் கான்கிரீட் விட்டம் அதற்கு ஏற்றதுதான், ஆனால் படிபடியாக இறங்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் சரிவராது.

அசெம்பிள்டு செட்டையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் அதற்கென்றே நல்ல கைகள் இருக்கின்றன. 8,000 முதல் 15,000 ரூபாயில் ஒரு நல்ல மெக்கானிக் தரும் பவரைக் கம்பெனி செட் தராது. நான்கு கேள்விகள் கேளுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? எந்த ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்), அது ஒரிஜினலா? ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு வைக்கிறீர்களா? மூன்று பின் எர்த் உண்டா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். ஐசி போகும்போது டிசி கரன்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போய் உள்ளிருக்கும் கம்பிச்சுருளான காயிலை எரித்துவிடும். சில நூறு ரூபாய் போர்டு ஒன்று அதைத் தடுக்கும். இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்கிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம். எஸ்டிகே போன்ற ஐசிக்களில் டூப்ளிகேட் ஏராளமாகப் புழங்குவதால் ஐசியின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்ச வாட்) என்ற சொல்லோடு 5,000 வாட், 10,000 வாட் என்று எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய வாட்டான ஆர்எம்எஸ். அதிலும், எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஓடும்போது, எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று பாருங்கள். ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல்’ என்ற நிபந்தனையில் 140 வாட் என்று போட்டிருக்கும் பெட்டி, எல்லா சேனலும் சேர்ந்து ஓடும்போது அதில் பாதிகூடத் தராமல் போகலாம்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டில் ‘பவர் கன்சம்ப்ஷன்’ எவ்வளவு என்று படியுங்கள். மின்சாரத்தில் 60 வாட் எடுக்கும் பெட்டி தொடர்ந்து 500 வாட் ஒலி தர முடியாது. நொடிப்பொழுது உச்சம் வேறு, அதை வைத்து விற்பார்கள்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவு. ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட் வேண்டும். ஆகவே 70 வாட் ரிசீவரா 90 வாட் ரிசீவரா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை (ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற டெசிபல் அளவு) பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், பாதி வாட்டில் அதே சத்தம் கிடைக்கும்.

5. வாங்கப் போகும் நாள்

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும்தான். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் காலை 11 மணி வாக்கில் போனால் கடைக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள், போட்டுக் காட்டவும் செய்வார்கள். மாலையில் அது நடக்காது. முதல் முறை போகும்போது விலை மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள். புது ரிசீவர், சவுண்ட்பார் என்றால் தீபாவளி, குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டிய ஆன்லைன் தள்ளுபடிகளையும் ஒப்பிடுங்கள். புது மாடல் வந்தவுடன் பழைய மாடல் விலை இறங்கும் நேரம்தான் இதிலெல்லாம் நல்லது.

செகண்ட் ஹேண்ட் ரிசீவர் வாங்கும்போது கையில் எச்டிஎம்ஐ கேபிள், ஒரு லேப்டாப், ஒரு சின்ன ஸ்பீக்கர், மல்டிமீட்டர் நான்கும் இருக்கட்டும். எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். இடி மின்னலில் முதலில் போவது அதுதான். ரிசீவருக்குள்ளேயே ‘டெஸ்ட் டோன்’ இருக்கும், அதை ஓட்டி ஒவ்வொரு சேனலிலும் ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடேறிய பிறகுதான் சில பழுதுகள் வெளியே வரும். ரிமோட்டும், அறையில் ஸ்பீக்கர்களின் ஒலியை அளவெடுக்கும் மைக்கும் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள். மைக் இல்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்பீக்கர் பழையது என்றால் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால், நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். கோனை இரு பக்கமும் சமமாக அழுத்தினால் உரசும் சத்தம் வரக் கூடாது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் மலிவாக எடுத்து வரலாம் என்ற யோசனை பலருக்கு வரும். அங்கே விற்பது 120 வோல்ட் மாடல். இங்கே நேராக மாட்டினால் அந்த நொடியே எரியும். கனமான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், இந்திய வாரன்டி கிடைக்காது, சுங்க வரியும் வரலாம். சிங்கப்பூரிலும் பெரும்பாலான வளைகுடா நாடுகளிலும் மின்சாரம் நம்முடையதை ஒத்தது, ஆனால் வாரன்டி பிரச்சினை அப்படியேதான் இருக்கும். எங்கிருந்து வந்தாலும் பின்பக்கச் சீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

6. பில், வாரன்டி, பெட்டி

‘பில் இல்லாமல் எடுத்தால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சை எல்லா எலக்ட்ரானிக்ஸ் தெருக்களிலும் கேட்கலாம். புதுப் பொருளுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அந்த சீரியல் எண் அட்டைப்பெட்டியில், பொருளின் பின்னால், வாரன்டி கார்டில் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிடுங்கள். கார்டில் கடை சீலும் தேதியும் வாங்குங்கள். ‘கடை வாரன்டி’ என்று சொன்னால் அது கம்பெனி வாரன்டி அல்ல, அதைப் பில்லின் பின்னாலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல்முறை ஆன் செய்வது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பித் தரும் காலம் பெரும்பாலும் சில நாள்தான் என்பதால், வயரிங் முடியட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. வந்த அன்றே தற்காலிகமாக மாட்டி எல்லா சேனலையும் சோதியுங்கள். தெர்மகோலோடு அட்டைப்பெட்டியை வாரன்டி முடியும்வரை பரணில் வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போதும், பிறகு விற்கும்போதும் அது பணம்.

பில் தர மறுப்பதும், பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தாலும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில்தான் ஆதாரம்.

7. வயர் இழுப்பது

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் 1.5 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் செம்பு வயர், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, இந்த அளவு ஹாலுக்கு நன்றாகவே போதும். ஸ்பீக்கர் வயர் என்றே வாங்கினால் ‘ஓஎஃப்சி’யா (சுத்தமான செம்பு) ‘சிசிஏ’வா என்று கேளுங்கள். சிசிஏ என்பது செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்க வேண்டாம்.

நீளத்தை டேப்பால் நேராக அளக்காமல், வயர் போகும் வழியில் ஒரு நூலைச் சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி ஓடவிட்டு அளங்கள். 12க்கு 15 ஹாலில் ஐந்து ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒவ்வொரு நிறத்திலும் 30 மீட்டர் அளவில் வரும். சொந்த வீடு என்றால் பிவிசி கேசிங் கேப்பிங் அடித்துவிடலாம். வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அல்லது ஸ்டாண்டில் வைத்துத் தரையோரமாக ஒட்டிவிடுங்கள்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறிப் போனால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. முனையில் பிரிந்த இழை ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்குங்கள். வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டால் இந்தக் கவலை இல்லை. எல்லா வயரையும் மாட்டி முடித்த பிறகே ரிசீவருக்கு மின்சாரம்.

ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் அடைக்காதீர்கள். மேலே 10 செ.மீ.க்குக் குறையாமல் இடம் விடுங்கள், அதன் மேல் செட்டாப் பாக்ஸை வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத ஹாலில் அது படும் பாடு பெரிது.

8. இடம் பார்த்து வைப்பது

9 அடி தூரத்தில் உட்கார்ந்தால் முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே 7 முதல் 9 அடி. டுவீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். சென்டர் டிவிக்குக் கீழே இருந்தால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் காதைப் பார்க்க வையுங்கள், இரண்டு ரப்பர் துண்டு போதும். பின் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, காதுக்கு மேலே ஒன்றரை இரண்டு அடி உயரத்தில். பல வீடுகளில் சோபா பின்சுவரை ஒட்டி இருக்கும். ஒரு அடியாவது முன்னால் இழுங்கள். இழுக்க முடியாவிட்டால் சரவுண்டைத் தலைக்குப் பின்னால் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

சப்ஊஃபருக்கு இடம் தேட ஒரு வழி: அதைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, ஹாலின் ஓரங்களில் குனிந்து தவழ்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவில், இறுக்கமாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் ‘பொம்’ என்று ஊதும்.

9. மைக் வைத்து அளப்பது

ரிசீவரின் மைக்கை அதில் மாட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தூரத்தையும் அதையே அளந்து அமைத்துக்கொள்ள விடுவதுதான் இந்தப் படி. வயரிங் முடிந்த அன்றே இதைச் செய்ய வேண்டாம், களைப்பில் அவசரப்படுவோம். மறுநாள் விடியற்காலையோ இரவு 10 மணிக்கு மேலோ, தெரு அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்துங்கள். மைக்கைச் சோபா முதுகில் வைக்காமல், கேமரா ஸ்டாண்டிலோ முக்காலியின் மேல் அடுக்கிய புத்தகத்திலோ காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சப்ஊஃபரின் சொந்த வால்யூம் பாதியில், அதன் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியை எடுப்பது என்ற எல்லை) திருகு உச்சத்தில் இருக்கட்டும்.

அளந்து முடித்ததும் ரிசீவர் சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மெனுவில் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று இருந்தால் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளதைச் சப்ஊஃபர் பார்த்துக்கொள்ளும், சின்ன ஸ்பீக்கர்கள் திணறாது. சப்ஊஃபர் தூரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். அதன் உள் சர்க்யூட்டால் வரும் தாமதத்தைச் சேர்த்துத்தான் அப்படிக் காட்டுகிறது. வசனம் இன்னும் மெலிதாகத் தோன்றினால் சென்டரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள்.

10. ‘உய்ங்’ என்ற சத்தமும் கீழ்வீட்டுக்காரரும்

எல்லாம் மாட்டிய பிறகு தொடர்ந்து ‘ஹம்’ என்று ஒரு முனகல் கேட்டால், முதலில் டிடிஎச் அல்லது கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் அதன் வழியாகத்தான் எர்த் சுற்றி வருகிறது. கேபிளில் மாட்டும் ஐசோலேட்டர் ஒன்று போதும். டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர் மூன்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுப்பதும் உதவும். எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முனகல் நிற்கும், ஆனால் பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் நாள் வரும்.

அடுக்குமாடியில் இருந்தால் சப்ஊஃபரின் காலுக்குக் கீழே தடித்த ரப்பர் அல்லது ஃபோம் பலகை போடுங்கள். தரை வழியாக இறங்கும் அதிர்வு குறையும். இரவில் ரிசீவரின் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ அமைப்பை ஆன் செய்தால் வசனம் ஏறி, வெடிச் சத்தம் இறங்கும். 10 மணிக்கு மேல் சப்ஊஃபரை 5 டெசிபல் குறைக்க ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். சோபாவை நகர்த்தினாலோ, புதுத் திரைச்சீலை போட்டாலோ, ஸ்பீக்கர் ஒன்றைக் கூட்டினாலோ ஒன்பதாம் படியை மறுபடி செய்ய வேண்டும். அதற்காக மைக்கைப் பில்லோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு வையுங்கள்.